மேட்டாங்காட்டு மணல்மண்ணில் புல் நிற்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடியுங்கள்

மதுரை மாவட்டத்தில் கொட்டாம்பட்டி மேடு, எழுமலை, சாப்டூர் அடிவாரம், உசிலம்பட்டிக்கு மேற்கே இருக்கிற பொட்டல் காடுகள், இங்கெல்லாம் மேய்ச்சலுக்கு விட்டிருக்கும் செம்மணல் நிலத்துக்காரர்கள் மழைக்காலம் முடிந்ததும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். புல் நிற்கவில்லை, தண்ணீர் இறங்கவில்லை, விதைத்தது முளைக்கவில்லை. காரணம் மட்டும் காட்டுக்குக் காடு மாறும். அதனால் எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்க்க வேண்டும், எதற்குக் காசு செலவழிக்கலாம், எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் கரிசல் வைத்திருப்பவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம், அந்த மண்ணின் குணமே வேறு.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் கடப்பாரை

இதைச் செய்யாமல் அடுத்த தலைப்புக்குப் போகாதீர்கள். மழை பெய்து இரண்டு நாள் கழித்து, ஈரம் இருக்கும்போதே, காட்டின் மேல் ஓரத்திலிருந்து கீழ் ஓரம் வரை நேராக நடந்துகொண்டே இருபதடிக்கு ஒரு முறை கடப்பாரையைக் குத்துங்கள். எவ்வளவு இறங்குகிறது என்று சாண் கணக்கில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஏக்கர் காடு என்றாலும் ஒரு காலைப்பொழுது போதும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், மணற்பாங்கான மண் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 80 மில்லிமீட்டர் தண்ணீரைத்தான் செடி குடிக்கிற மாதிரி பிடித்து வைக்கும். உங்கள் காட்டில் மண்ணே ஒரு அடிதான் என்றால் 24 மில்லிமீட்டர், அவ்வளவுதான் கொள்ளளவு. கார்த்திகையில் ஒரே ராத்திரியில் 80 மில்லிமீட்டர் கொட்டினாலும் மீதியெல்லாம் பாறை மேலே வழிந்து போய்விடும். தரையை மூடி நிற்கிற பசும்புல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் குடிக்கும், ஆக ஐந்தாறு நாளில் சட்டி காலி. மதுரைக்கு வருஷத்துக்கு 850 மில்லிமீட்டரை ஒட்டி மழை, அதில் பாதிக்குக் கிட்டத்தட்ட ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் வந்துவிடுகிறது. மழை குறைவு என்று புலம்புகிற நிறைய காடுகளில் உண்மையில் குறைவது மண்ணின் ஆழம்.

அரைச் சாணுக்குக் கீழே எங்கேயும் இறங்கவில்லையா? அந்தத் துண்டில் புல் வளர்க்கப் பணம் போடாதீர்கள். மழைக்காலத்தில் தானாக வருவதை ஆடு கடித்துக்கொள்ளட்டும். ஒரு சாணுக்கு மேல் இறங்குகிற இடத்தில்தான் கீழே சொல்கிற வேலையெல்லாம்.

அறிகுறி 1: மழை விட்டு நாலாம் நாளே புல் சுருளுது

"அண்ணே, பக்கத்துக் காட்டுல பச்சையா நிக்குது, நம்மதுல மட்டும் கருகுது" என்று வருகிற கேள்வி இதுதான்.

கடப்பாரை ஒரு சாணில் நின்றுவிட்டதா? நின்ற சத்தத்தைக் கேளுங்கள். "டங்" என்று கை அதிர்ந்தால் பாறை. மொத்தென்று, கை அதிராமல் நின்றால் இறுகிய மண்ணாக இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு முழத்துக்கு ஒரு முழம் குழி தோண்டி, அடி தெரிந்ததும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிடுங்கள். மறுநாள் காலை போய்க் குத்துங்கள்.

அடி இளகியிருந்தால் இறுக்கம்தான். உழவு சால் ஒரே ஆழத்தில் வருஷக்கணக்கில் ஓடிய பழைய கடலைக் காடுகளில் இது சகஜம். சித்திரையில் மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது உளிக் கலப்பையை ஒன்றரை அடி இடைவெளியில், முதலில் ஒரு வாட்டம், அப்புறம் குறுக்கு வாட்டம் ஓட்ட வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை போதும். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரும் கருவியும் வாடகைக்குக் கொடுக்கிறது, உழவன் செயலியில் பதியலாம். ஈரத்தில் ஓட்டினால் மண் பிளக்காது, கலப்பை வெறும் கோடு கிழித்துவிட்டு வந்துவிடும்.

அடி இளகவே இல்லை, வெள்ளையாகச் சுக்கானோ (சுண்ணாம்புக் கல்) பாறையோ தெரிகிறது என்றால் உளிக் கலப்பையை அங்கே கொண்டுபோகாதீர்கள். கொழு உடையும், வாடகையும் போகும்.

மண் இரண்டு சாணுக்கு மேல் தாராளமாக இறங்கியும் புல் வாடுகிறதா? அப்போது மண்ணில் பிடிமானம் இல்லை. ஒரு கை ஈரமண்ணை எடுத்து உருட்டுங்கள். உருண்டையே பிடிக்காமல் உதிர்ந்தால் வெறும் மணல். இதற்குச் செலவு குறைந்த வழி கிடை, அதாவது ராத்திரி மந்தையைக் காட்டில் அடைத்து வைப்பது. ஆவணி, புரட்டாசியில் மந்தை ஓட்டி வருகிற கீதாரியிடம் சொல்லி ஆட்டுக்கிடை போடச் சொல்லுங்கள், ஒரே இடத்தில் நிறுத்தாமல் ராத்திரிக்கு ராத்திரி வலையை நகர்த்தினால் புழுக்கையும் மூத்திரமும் காடு முழுக்கப் பரவும். விடிந்ததும் லேசாக ஒரு கீறல் கீறி மண்ணால் மூடிவிட வேண்டும், வெயிலில் கிடந்தால் சத்து ஆவியாகிப் போய்விடும். ஒரே ஒரு எச்சரிக்கை: சீமைக்கருவேல் நெற்று உதிர்கிற கோடையில் கிடை போடாதீர்கள். ஆடு நெற்றைத் தின்று, விதை செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து, அடுத்த மழைக்கு உங்கள் காட்டில் கன்று கன்றாக நிற்கும்.

அடுத்தது கண்மாய் வண்டல். வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கித்தான் எடுக்க வேண்டும், மண் இலவசம் என்றாலும் வண்டியும் பொக்லைனும் உங்கள் செலவு. ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் பரப்ப ஏறக்குறைய 36 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) வேண்டும், மூன்று யூனிட் டிப்பரில் பன்னிரண்டு நடை. கேட்டவுடன் மலைக்காதீர்கள், காடு முழுக்கப் பரப்ப வேண்டியதில்லை, ஆழம் உள்ள துண்டுகளுக்கும் மரக்குழிகளுக்கும் மட்டும் போட்டால் போதும். ஆனால் ஒரு லோடு இறக்குவதற்கு முன்னால் அந்த வண்டலில் அரைக் கிலோ எடுத்து மண் பரிசோதனைக்குக் கொடுத்து உப்பு பார்த்துவிடுங்கள். உவர் வண்டலைக் கொட்டிவிட்டால் திரும்ப அள்ள முடியாது.

புல்லுக்காக போர் போடுவது பற்றி: வேண்டாம். அடியில் கடும்பாறை உள்ள மேட்டில் வருகிற தண்ணீர் ஆட்டுத் தொட்டிக்கும் கன்றுகளுக்கும் ஆகும். இருபது மில்லிமீட்டர் பிடிக்கிற மண்ணில் மேய்ச்சல் புல்லுக்குப் பாய்ச்சினால் நாலைந்து நாளுக்கு ஒரு முறை ஏக்கருக்கு எண்பதாயிரம் லிட்டர் போகும்.

அறிகுறி 2: மணல்காடுதான், ஆனால் தண்ணீர் இறங்காமல் மேலேயே ஓடுது

மணல் என்றால் தண்ணீர் சரேலென்று இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் மேலே பொருக்கு கட்டியிருக்கும். புல் இல்லாத வெற்றுத் தரையில் மழைத்துளி நேராக அடித்து, நைசான துகள் மேலே வந்து, வெயிலில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். விரல் நகத்தால் நெம்பினால் அப்பளம் மாதிரி ஒரு தகடு எழும்பி வரும், அதன் அடியில் மண் பொலபொலவென்று உலர்ந்து கிடக்கும். நேற்று பெய்த மழைக்கு அடியில் ஈரமே இல்லை என்பதை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

சோதனை சுலபம். இரண்டு பக்கமும் வெட்டிய பழைய தகர டப்பாவைத் தரையில் இரண்டு அங்குலம் பதியும்படி பலகை வைத்துத் தட்டுங்கள். உள்ளே ஒரு அங்குலம் தண்ணீர் ஊற்றி நேரம் பாருங்கள். அரை மணிக்குள் குடித்துவிட்டால் அடைப்பு இல்லை. ஒரு மணி தாண்டியும் நிற்கிறதா? பக்கத்திலேயே மேல் பொருக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு டப்பாவை மறுபடி பதித்து ஊற்றுங்கள்.

- இப்போது வேகமாக இறங்கினால்: பொருக்கு மட்டும்தான் கோளாறு.
- இப்போதும் இறங்கவில்லையென்றால்: அடியில் இறுக்கம், அறிகுறி 1-க்குப் போய்க் குழி தோண்டிப் பாருங்கள்.

பொருக்குக்கு முதல் வைத்தியம் நிழலும் மூடாக்கும். வெற்றுத் தரை மேல் முள்கிளைகளையும் சருகையும் பரப்பி வையுங்கள். சீமைக்கருவேலை வெட்டியதும் கரி மூட்டத்துக்குப் போகாத மெல்லிய கிளைகள் இதற்கு அருமையாக உதவும், நெற்று இல்லாத கிளையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முள் கிடக்கிற இடத்தில் ஆடு கால் வைக்காது, காற்றில் வருகிற புல்விதை அங்கே மாட்டிக்கொள்ளும், அடுத்த மழைக்கு அந்தத் திட்டுதான் முதலில் பச்சை கட்டும். இதை நான் எல்லாருக்கும் சொல்வேன், செய்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான், ஏனென்றால் பார்ப்பதற்குக் காடு குப்பையாகக் கிடப்பது மாதிரி இருக்கும். கிடக்கட்டும்.

இரண்டாவது, மழை பெய்த ஈரத்தில் மந்தையை ஏற்றாதீர்கள். தரையில் குளம்பு பதிகிற ஈரம் இருக்கும் வரை வேறு இடம் பாருங்கள். மூன்றாவது, தென்னை நார்க்கழிவு ஏக்கருக்கு 5 டன், மக்கியதாக. இது செலவு பிடிக்கும், அதனால் விதைக்கப் போகிற துண்டுக்கு மட்டும் போடுங்கள்.

அறிகுறி 3: விதைத்தேன், முளைக்கவே இல்லை

விதைத்தது கொழுக்கட்டைப் புல்லா? விதை எப்போது அறுத்தது என்று கேளுங்கள். புது விதைக்கு உறக்கம் உண்டு, ஆறேழு மாதம் தாண்டிய விதைதான் ஒழுங்காக முளைக்கும். போன மாதம் உருவிய விதையை இந்த மாதம் தூவினால் முளைக்காதது விதையின் தப்பில்லை.

விதை பழையதுதான் என்றால் ஆழம் பாருங்கள். சுனை மூடிய லேசான விதை அது, அரை அங்குலத்துக்குக் கீழே போனால் மேலே வராது. ஈரமணலோடு பிசறித் தூவி, முள்கிளையை ஒரு முறை இழுத்தால் போதும், டிராக்டர் உழவு வேண்டாம். ஏக்கருக்கு மூன்று கிலோ கணக்கு.

அதுவும் சரியாகத்தான் செய்தீர்கள் என்றால் எறும்புப் புற்று வாசலைப் பாருங்கள். உமி குவிந்து கிடந்தால் விதை எங்கே போனது என்று தெரிந்துவிடும். மழைக்கு முன்னால் ரொம்ப நாள் காயவிட்டு வைத்த விதைப்புக்குத்தான் இது நடக்கும். முதல் நல்ல மழை விழுந்த மறுநாள் தூவுங்கள்.

விதைத்தது முயல் மசால் விதையா? அதன் தோல் கல் மாதிரி. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, கொஞ்சம் ஆறி 80 டிகிரி சூட்டில் இருக்கும்போது விதையை நாலைந்து நிமிஷம் போட்டு எடுத்து, அப்புறம் பச்சைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து விதையுங்கள். கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீரில் போட்டால் விதை வெந்துவிடும். இந்த மண்ணுக்கு முயல் மசால் போல ஒத்துப்போகிற பயறுவகைத் தீவனம் குறைவு, முதல் வருஷம் மெதுவாக வரும், அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.

முளைத்து, இரண்டு இலை விட்டு, அப்புறம் காணாமல் போனால் அது முளைப்புக் கோளாறு இல்லை. ஆடு ஏறியிருக்கிறது, அல்லது பொருக்கு கட்டியிருக்கிறது.

அறிகுறி 4: காடு பச்சையாத்தான் இருக்கு, ஆடு வாய் வைக்கல

நல்ல புல் போய் வேண்டாதது வந்துவிட்டது. கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள், கண் ஏமாற்றும். காட்டைக் குறுக்கே நூறு காலடி நடங்கள், ஒவ்வொரு காலடியிலும் கட்டைவிரல் நுனிக்கு நேரே என்ன இருக்கிறது என்று ஒரு கோடு போடுங்கள்: நல்ல புல் (கொழுக்கட்டை, அறுகு), ஊசிப்புல் அல்லது துடைப்பப்புல், ஆவாரை, விராலி, உண்ணி மாதிரிப் புதர், வெற்றுத்தரை.

நூற்றில் நல்ல புல் முப்பதுக்கு மேல் விழுந்தால் விதையே வாங்க வேண்டாம், என் அனுபவத்தில் அந்தக் காடு அடைத்துப் போட்டாலே மீளும். புரட்டாசிக் கடைசியில் முள்வேலி கட்டி, புல் பூத்து விதை உதிர்கிற வரை, அதாவது தை வரை ஒரு வாய்கூட விடாதீர்கள். ஆட்டுக்கு எங்கே போவது என்பீர்கள், நியாயமான கேள்விதான். காட்டை நாலாகப் பிரித்து வருஷத்துக்கு ஒரு கால் பங்கை மட்டும் அடையுங்கள். மற்ற மூன்றிலும் மாற்றி மாற்றி மேயுங்கள், புல் குத்து நாலு விரல் கட்டை உயரத்துக்கு வந்ததும் ஆட்டை வெளியே எடுத்துவிடுங்கள். காங்கேயம் பக்கம் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல் மரமும் வைத்து இப்படித்தான் தலைமுறையாக மேய்க்கிறார்கள், அங்கே மழை நம்மைவிடக் குறைவு.

நல்ல புல் பத்துக்குக் கீழே என்றால் அடைப்பது மட்டும் போதாது, அறிகுறி 3-இல் சொன்னபடி விதைக்க வேண்டும். ஊசிப்புல் அதிகமாக இருந்தால் அதைப் பூக்கும் முன்னால் மாட்டை விட்டு மேய்த்துவிடுங்கள், ஊசி முற்றிவிட்டால் செம்மறி ரோமத்தில் ஏறித் தோலைக் குத்தும். சீமைக்கருவேல் கன்று முழங்கால் உயரத்துக்குள் என்றால் மழை ஈரத்தில் வேரோடு பிடுங்குங்கள். அதைத் தாண்டியதை அடியோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். மரமாகவே நிற்கிறது என்றால் பொக்லைன்காரரைக் கூப்பிட வேண்டிய நேரம், ஆனால் ஒரே நாளில் காட்டை மொட்டையடிக்காதீர்கள். கீற்றுக் கீற்றாக எடுத்து, எடுத்த இடத்தில் அதே மழைக்குப் புல் விதையுங்கள். வெற்று மணலாக ஒரு ஐப்பசியைத் தாண்டினால் அடுத்த அறிகுறிக்குப் போய்விடுவீர்கள்.

அறிகுறி 5: புல் குத்து மேடை மேல நிக்குது, வேர் வெளியே தெரியுது

குத்தைச் சுற்றி மண் போய்விட்டது என்று அர்த்தம். மேடையின் உயரம்தான் போன மண்ணின் அளவு. மண்ணே ஒரு அடி உள்ள காட்டில் இரண்டு விரற்கடை போயிருந்தால் அது பெரிய நஷ்டம், மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு இதைப் பாருங்கள்.

வெறும் மேடைகள் மட்டும்தான், ஓடை விழவில்லை என்றால்: சரிவுக்குக் குறுக்கே, காட்டில் கிடக்கிற கல்லைப் பொறுக்கி ஒரு முழ அகலத்துக்கு வரிசை போடுங்கள். மட்டம் தெரிய தண்ணீர் நிரப்பிய டியூப் போதும். வரிசை மட்டமாக இருக்க வேண்டும், ஓரிடம் தாழ்ந்தால் தண்ணீர் அங்கேதான் கூடி உடைக்கும்.

விரல் ஆழ ஓடைகள் விழுந்திருந்தால்: ஓடையின் தலையில், அதாவது மேல் முனையில் ஆரம்பியுங்கள். பலர் கீழே பெரிய கல்லைப் போட்டு அடைக்கிறார்கள், மேலே அது வெட்டிக்கொண்டே போகும். ஆட்டுத்தடத்திலிருந்து ஓடை தொடங்குகிறதா என்றும் பாருங்கள், தினமும் ஒரே வழியில் மந்தை இறங்குவதுதான் பாதி ஓடைகளுக்குப் பிறப்பிடம். வழியை மாற்றிவிட்டால் செலவே இல்லை.

முழங்கால் ஆழத்தைத் தாண்டிவிட்டதா, அல்லது ஓடை பக்கத்துக்காரர் நிலத்துக்குள் போகிறதா? நீங்களாகக் கட்டாதீர்கள். வேளாண்மைப் பொறியியல் துறையில் மண் பாதுகாப்பு வேலை பார்க்கும் பொறியாளர் வந்து சரிவு அளந்து தடுப்பணை எங்கே என்று சொல்லட்டும். தப்பான இடத்தில் கட்டிய தடுப்பு ஒரு மழையில் உடைந்தால் கீழ்க்காட்டையும் சேர்த்து அரித்துக்கொண்டு போகும்.

அறிகுறி 6: பச்சையா வந்து திடீர்னு மஞ்சளாகுது

அடி இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்து கரைந்து இறங்கிவிட்டது, பெருமழைக்குப் பிறகு மணலில் இது எப்போதும் நடப்பது. ஏக்கருக்குப் பத்துக் கிலோ யூரியா ஈரத்தில் தூவி, அடுத்த மழைக்கு இன்னொரு பத்து. ஒரே தடவையில் கொட்டினால் அதுவும் இறங்கிவிடும். சாக்கை ஆடு நக்காத இடத்தில் வையுங்கள், யூரியாவைத் தின்ற ஆடு பிழைப்பது கஷ்டம்.

நுனி இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் மண்ணில் எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். நுரைத்தால் சுக்கான் கலந்த மண், யூரியா போட்டுப் பயனில்லை. மண் மாதிரியை மதுரை வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில், ஒத்தக்கடையில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு அப்புறம் செலவு செய்யுங்கள். காட்டில் பத்துப் பதினைந்து இடத்தில் மேல் அரையடி மண் எடுத்துக் கலந்து அரைக் கிலோ போதும், கிடை போட்ட இடத்திலும் வரப்பு ஓரத்திலும் எடுக்க வேண்டாம்.

அறிகுறி 7: மரக்கன்று இரண்டாம் கோடையில் காயுது

வேர் பாறையைத் தொட்டுவிட்டது. குழி தோண்டும்போதே கடப்பாரை இரண்டு முழம் இறங்காத இடத்தில் கன்று வைக்காதீர்கள். பாறை இடுக்கில் மண் இறங்குகிற இடம் காடு முழுக்கச் சிதறிக் கிடக்கும், வரிசை பார்க்காமல் அங்கே வையுங்கள். வெள்வேல், குடைவேல், வேம்பு தாங்கும்.

அறிகுறி 8: மேய்ந்துகொண்டிருந்த ஆடு திடீரென்று மூச்சு வாங்கி விழுது

இதில் சோதனை எதுவும் வேண்டாம். மணல்காட்டு ஓரத்தில் தீவனச் சோளம் விதைத்து, மழை தவறி முழங்கால் உயரத்தில் வாடி நிற்கும் பயிரிலோ, அறுத்த கட்டை மழைக்குத் துளிர்த்த குருத்திலோ ஆடு வாய் வைத்திருந்தால் அது சயனைடு நஞ்சாக இருக்கலாம். நிமிஷக் கணக்கில் உயிர் போகும். மந்தையை உடனே அந்தக் காட்டைவிட்டு ஓட்டிவிட்டு 1962-க்கு அழையுங்கள், பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கும் சொல்லுங்கள், சோளம் மேய்ந்தது என்று முதல் வார்த்தையாகச் சொன்னால்தான் மருத்துவர் அதற்கான ஊசியோடு கிளம்புவார். மிச்சமுள்ள சோளத்தைப் பூத்த பிறகு அறுத்து, நன்றாகக் காயவைத்துச் சோளத்தட்டையாக ஆட்டுக்குப் போடலாம். அதுவரை அந்த ஓரத்தை முள் வெட்டி அடைத்து வையுங்கள்.